வாரத்துக்கு எத்தனை நாள் நடக்கணும், எத்தனை கிலோ குறைக்கணும்? மண்டபம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் கடலோரமாக விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடக்கிறோம். நான் பெண்பிள்ளைகளுக்கு உடற்கல்வி சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியை, மருத்துவர் இல்லை. நடக்கும்போது பக்கத்தில் வந்து கேட்பதும், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரையிலிருந்து போனில் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

வாரத்துக்கு எத்தனை நாள் உடற்பயிற்சி செய்யணும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு இது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு. வேக நடை அந்த வகை. ஓட்டம், நீச்சல் போல மூச்சு வாங்கும் வேலை என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். இதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும்.

150 நிமிடம் என்பதை ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்று எல்லோரும் பிரிக்கிறார்கள். அப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தங்கச்சிமடத்து அம்மா ஒருவர், "டீச்சர், எனக்கு அஞ்சு நாள் முடியாது" என்றார். அவர் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். எங்கள் பக்கம் விசைப்படகு வாரத்துக்கு மூன்று நாள், நாட்டுப்படகு மற்ற நான்கு நாள் என்று முறை வைத்துக் கடலுக்குப் போகிறார்கள். திங்கள், புதன், சனி காலையில் இந்த அம்மா சோறு கட்டி, தண்ணீர் கேன் நிரப்பி, கணவரை அனுப்பி வைப்பதற்குள் விடிந்துவிடும். சரி, அந்த மூன்று நாளை விட்டுவிடுங்கள், மற்ற நான்கு நாளும் நாற்பது நிமிடம் நடங்கள் என்றேன். 160 நிமிடம் ஆயிற்று. ஒன்றரை வருடமாக விடாமல் வருகிறார். ஐந்து நாள்தான் என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தால் இரண்டாவது வாரமே நின்றிருப்பார்.

அரை மணி சேர்ந்தாற்போல் கிடைக்காவிட்டால் காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் இருபது நிமிடம் என்று நடக்கலாம். துண்டு துண்டாக நடந்ததும் கணக்கில் சேரும்.

தினமும் ஓடினால் சீக்கிரம் குறையும் அல்லவா?

என் கதையையே சொல்கிறேன். 48 வயதில் நான் 76 கிலோ இருந்தேன். பிள்ளைகளை ஓட வைக்கும் வாத்தியாரம்மா இப்படி இருக்கலாமா என்று ஒரு ரோஷம். முதல் நாளே நாற்பது நிமிடம் ஓடினேன், அடுத்த நாளும் ஓடினேன். பன்னிரண்டாம் நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றியபோது குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலி. அப்புறம் மூன்று மாதம் ஒன்றும் செய்ய முடியவில்லை, அந்த மூன்று மாதத்தில் இரண்டு கிலோ கூடிவிட்டது.

நடை உடம்பைக் கெடுக்காது, தினமும் நடக்கலாம். ஓட்டம், குதித்தல், கனம் தூக்குதல் இவற்றுக்கு இடையில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். தசையும் தசைநாரும் தேறுவது ஓய்வில்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு வாரம் பதினைந்து நிமிடம் நடங்கள், அதன் பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

எவ்வளவு வேகமாக நடக்கணும்?

நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். ஊர்க்கதை முழுவதும் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறது என்றால் மெதுவாகப் போகிறீர்கள். பக்கத்தில் வருகிறவர் கேட்டதற்கு ஒரு வார்த்தைதான் பதிலாக வருகிறது என்றால் கொஞ்சம் குறையுங்கள்.

மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையைவிட ஏறக்குறைய இரு மடங்கு உழைப்பு போகும். கால் புதையும் காய்ந்த மணலில் எடுத்தவுடன் அரை மணி நடக்க வேண்டாம். அலை வந்து போன ஈர மணல் நல்லது. ஆனால் கரை ஒரு பக்கம் சரிந்திருக்கும், ஒரே திசையில் நடந்துகொண்டே இருந்தால் ஒரு பக்க இடுப்புக்கும் முழங்காலுக்கும் பாரம் கூடும். போன தூரம் திரும்பி வந்தால் சரியாகிவிடும்.

எத்தனை கிலோ குறைக்கலாம் என்று இலக்கு வைக்கலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். வருகிற பெண்களில் பாதிப் பேர், "கல்யாணத்தப்போ 48 கிலோ இருந்தேன், அதுக்குத் திரும்பணும்" என்கிறார்கள். மூன்று பிள்ளை பெற்று நாற்பத்தைந்து வயதான உடம்புக்குப் பத்தொன்பது வயது எடையை இலக்காக வைத்தால், எட்டு கிலோ குறைத்த பிறகும் தோற்றுவிட்டேன் என்றே தோன்றும்.

முதல் இலக்கு, இப்போதைய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு. 70 கிலோ இருக்கிறவருக்கு மூன்றரை கிலோ. ஆறு மாதத்தில் ஐந்து முதல் பத்து பங்கு வரை குறைப்பது நல்ல முன்னேற்றம். பார்ப்பதற்குச் சின்ன எண்ணாகத் தெரியும். அந்த அளவுக்கே ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்பு எல்லாம் இறங்கத் தொடங்கும், முழங்கால் பாரம் குறையும்.

வேகம் என்று பார்த்தால் வாரத்துக்கு அரைக் கிலோ, அதிகம் போனால் ஒரு கிலோ. முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தது என்று துள்ளுவார்கள். அதில் பெரும்பங்கு தண்ணீர்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 70 கிலோ உள்ளவர் நாற்பது நிமிடம் வேகமாக நடந்தால் 150 கலோரி அளவுக்குச் செலவாகும். வாரம் ஐந்து நாள் என்றால் 750. ஆக, நடையை மட்டும் நம்பினால் ஒரு கிலோ குறையப் பத்து வாரம் ஆகும். இதைக் கேட்டதும் முகம் வாடிவிடுகிறது. இன்னொரு பக்கம் பாருங்கள். ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் 20 கலோரி. நாளுக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால், சர்க்கரை மட்டுமே 200 கலோரி. அதை விட்டுவிட்டு நடையும் வைத்தால், ஒரு கிலோ குறையக் கணக்குப்படி நாலு வாரம்கூட ஆகாது. உடம்பு கணக்குப் புத்தகம் மாதிரி அச்சாக நடக்காது, கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். ஆனாலும் நடையும் தட்டும் சேர்ந்தால்தான் எடை இறங்கும் என்பது இதில் புரிந்துவிடும்.

கிலோவை இலக்காக வைப்பதோடு, செய்கிற வேலையையும் இலக்காக வையுங்கள். "மார்ச்சுக்குள் நாலு கிலோ" என்பது உங்கள் கையில் முழுவதும் இல்லை. "இந்த வாரம் நாலு நாள் நடப்பேன், டீயில் ஒரு ஸ்பூன்தான் போடுவேன்" என்பது உங்கள் கையில் இருக்கிறது. எங்கள் குழுவில் தினசரிக் காலண்டர் தாளில் நடந்த நாளைச் சுழிக்கிறோம். மாதக் கடைசியில் முதலில் சுழியை எண்ணுவோம், அப்புறம்தான் எடை பார்ப்போம்.

என் எடை அதிகமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எடையை உயரத்தால் (மீட்டரில்) இரண்டு தடவை வகுத்தால் பி.எம்.ஐ. வரும், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண் அது. உயரம் 1.55 மீட்டர், எடை 65 கிலோ என்றால் 27. நம் நாட்டு உடம்புக்கு 23-க்கு மேல் போனால் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு வைத்திருக்கும் 25, 30 என்ற அளவு நமக்குப் பொருந்தாது. குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுகிறது.

அதனால் நான் தையல்காரர் டேப்பைத்தான் அதிகம் நம்புகிறேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபடி, வயிற்றை எக்காமல் சுற்றி அளங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது.

ஒரு மாதத்தில் பத்து கிலோ குறைக்கலாம் என்கிறார்களே?

வேண்டாம். தசையும் தண்ணீரும்தான் அதிகம் போகும், முடி கொட்டும், பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடும், சாப்பிடத் தொடங்கியதும் எடை திரும்பி வரும்.

நாள் முழுக்க ஓடியாடி உழைக்கிறேன். எனக்கு எதற்குத் தனியாக நடை?

பாம்பனில் மீன் விற்கும் ஒரு அக்கா இப்படிக் கேட்டார், கொஞ்சம் கோபமாகவே. நியாயமான கோபம். காலை நாலு மணிக்கு எழுந்து, ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாகப் போகிறவர். ஒரு நாள் என் போனை அவர் இடுப்பில் செருகி அனுப்பினேன். மத்தியானம் எடுத்துப் பார்த்தால் 5,200 காலடி. நாலு வீட்டுக்கு ஒரு தரம் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுக்க வேண்டும், பேரம் பேச வேண்டும். உழைப்பு பெரியதுதான், தலையில் பாரம் வேறு. ஆனால் இதயம் வேகமாகத் துடிக்கும் நேரம் அதில் குறைவு. இதற்கு நடுவே ஆறு டீ, இரண்டு வடை.

அவரிடம் தனியாக நடக்கச் சொல்லவில்லை. கூடை காலியாகித் திரும்பி வரும் ஒன்றரை கிலோமீட்டரை ஆட்டோவில் வராமல் கையை வீசி வேகமாக நடந்து வாருங்கள் என்றேன். கூடவே டீயைப் பாதியாகக் குறைத்தார். நாலு மாதத்தில் மூன்று கிலோ இறங்கியது.

கடல்பாசி எடுக்கத் தண்ணீரில் முங்கும் பெண்களுக்கு இது பொருந்தாது. அது நல்ல மூச்சு வாங்கும் வேலை. பாசிக்குப் போகும் நாளில் வேறு நடை வேண்டாம், ஓய்வெடுங்கள்.

பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. ஏழு, எட்டாயிரத்திலேயே நல்ல பலன் கிடைக்கிறது. மூவாயிரம் நடக்கிறவர் ஐயாயிரம் நடந்தால் அதுவும் பலன்தான்.

மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் எடை ஏறிவிடுகிறதே?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடலில் வலை இழுத்த உடம்பு வீட்டில் உட்காருகிறது, தட்டில் விழும் சோறு மட்டும் குறையவில்லை. வீட்டில் சமைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்: அந்த இரண்டு மாதமும் இரவுச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் காய் வையுங்கள். ஆண்கள் விடிகாலையில் படகு வேலை, வலை வேலை தொடங்குவதற்கு முன் அரை மணி நடக்கட்டும். உட்கார்ந்து வலை முடைகிறவர்கள் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து இரண்டு நிமிடம் நடப்பதுகூட உதவும்.

சோற்றை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். அளவைக் குறையுங்கள். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, பயறு. நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பெரிய கொடுப்பினை, மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சூடையும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும் நாளில் வாங்கிக் குழம்பு வையுங்கள். நல்ல புரதம், பசி தாங்கும், எடை குறையும்போது தசை கரையாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதையே எண்ணெயில் முக்கிப் பொரித்தால் கணக்கு மாறிவிடும். தேங்காய் அரைத்து ஊற்றுவதையும் பாதியாக்கிப் பாருங்கள், புளியும் மிளகாயும் ருசியைத் தாங்கிக்கொள்ளும்.

கருவாடு எடையைக் கூட்டாது, ஆனால் உப்பு. பிரஷர் இருக்கிறவர்கள் நன்றாக ஊற வைத்து அலசி, எப்போதாவது மட்டும் சாப்பிடுங்கள். நாளுக்கு மொத்த உப்பே ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும்.

கருப்பட்டி போட்டால் எடை கூடாது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். கருப்பட்டியும் சர்க்கரைதான். மணம் நன்றாக இருக்கும், கலோரி ஏறக்குறைய ஒன்றுதான்.

வெயிலில், மழையில் எப்படி?

சித்திரை, வைகாசியில் ஆறரை மணிக்குள் முடித்துவிடுங்கள். கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், வந்ததும் ஒரு டம்ளர். தலை சுற்றல், குமட்டல் வந்தால் நிழலில் உட்காருங்கள், முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று நிற்காதீர்கள். ராமேஸ்வரத்துக்காரர்களுக்குக் கோயிலின் மூன்றாம் பிராகாரம் இருக்கிறது, 1,212 தூணுக்கு நடுவே நிழலில் நடக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் பயிற்சி.

வெளியே போய் நடக்க வசதி இல்லை. வீட்டிலேயே என்ன செய்யலாம்?

கீழக்கரை லாத்தா (முஸ்லிம் அக்கா) ஒருவர் மொட்டைமாடியில் நடக்கிறார். கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு சுற்று 38 காலடி. எண்ணுவது சலிப்பாக இருக்கிறது என்று, எண்ணுவதை விட்டுவிட்டுத் திக்ரு (இறைவனைத் திரும்பத் திரும்ப நினைத்துச் சொல்வது) ஓதிக்கொண்டே அரை மணி நடக்கிறார்.

வலுவூட்டும் பயிற்சிக்கு எந்தக் கருவியும் வேண்டாம். கை வைக்காத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள், பத்து முறை. சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தண்டால் மாதிரி பத்து முறை. நின்றபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது பதினைந்து முறை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைக் கையில் பிடித்துத் தோளுக்கு மேல் தூக்குவது பத்து முறை. கொஞ்சம் ஓய்வெடுத்து மறுபடி ஒரு சுற்று. இருபது நிமிடம் ஆகும், வாரத்தில் இரண்டு நாள் போதும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதை வாரம் மூன்று நாள் செய்யுங்கள், கீழே விழாமல் இருக்க உதவும்.

நோன்பு மாதத்தில் நடக்கலாமா?

மெதுவாக நடக்கலாம். நோன்பு திறப்பதற்கு முந்தைய அரை மணி, அல்லது தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்த பிறகு. பகல் வெயிலில் வேண்டாம். எடை குறைக்கும் மாதமாக இதை வைக்காதீர்கள், கூடாமல் பார்த்துக்கொண்டாலே போதும். நோன்புக் கஞ்சி நல்ல உணவு, அதோடு வரும் சமோசாவும் வடையும்தான் எடையை ஏற்றுகின்றன. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை இருக்கிறது. நடந்தால் ஆபத்தா?

நடப்பது மருந்துக்குச் சமம். சர்க்கரை எல்லையில் இருப்பவர்களை வைத்துச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் சரிசெய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் பெரிதாக எடை குறையவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தராசு அசையாவிட்டாலும் உள்ளே நல்லது நடக்கிறது.

இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் போக வேண்டாம். முந்தானையில் நாலு மிட்டாய் முடிந்துகொள்ளுங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போடுங்கள். இன்னொன்று, கால் மரத்துப் போகிறவர்கள் வெறுங்காலோடு மணலில் நடக்கக் கூடாது. சிப்பி கிழித்ததும் தெரியாது, மணல் சுட்டதும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி வந்தால் 108-க்குக் கூப்பிடுங்கள். கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

கொள்ளு ரசம் குடித்தால் குறையுமா? வியர்க்க வியர்க்க நடந்தால்?

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். கொள்ளு நல்ல பயறு, புரதம் உண்டு. சோற்றுக்குப் பதிலாகக் கொஞ்சம் சேர்த்தால் பலன். மூன்று வேளையும் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு மேலே ரசம் குடித்தால் ஒன்றும் குறையாது. வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும், கொழுப்பு இல்லை. வயிற்றை மட்டும் குறைக்கும் பயிற்சி என்று ஒன்று கிடையாது. போனில் வரும் பொடிகளை வாங்காதீர்கள்.

முதலில் குறைந்தது, இப்போது ஒரு மாதமாக அசையவில்லை. ஏன்?

எல்லோருக்கும் வருகிற கட்டம் இது. எட்டு கிலோ குறைந்த உடம்புக்கு முன்பு போல் அவ்வளவு எரிபொருள் தேவையில்லை, அதே நடைக்குச் செலவும் குறைகிறது. முதலில் இடுப்பை அளந்து பாருங்கள், எடை நிற்கும்போதும் டேப் இறங்குவது உண்டு. அதுவும் நின்றுவிட்டால் வாரத்துக்கு ஒரு நாள் நடையைக் கூட்டுங்கள். குறைத்த எடையைத் தக்கவைக்க வாரம் 200 நிமிடத்துக்கு மேல் தேவைப்படும்.

தராசில் தினமும் ஏறாதீர்கள். முதல் நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தால் மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டும், மாதவிலக்கு நாளிலும் அப்படித்தான். வாரம் ஒருமுறை, அதே தராசில், காலையில் வெறும் வயிற்றோடு பாருங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் எடை ஏறிக்கொண்டே போனால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இரண்டு வாரம் விட்டுப் போய்விட்டது. இனி என்ன செய்ய?

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் யாரும் கடலுக்குப் போவதில்லை. கூண்டு இறங்கியதும் போகிறார்கள். விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து ஒரே நாளில் மீன் பிடிக்க யாரும் பார்ப்பதில்லை. காய்ச்சல், கல்யாணம், துக்கம், பிள்ளை பரீட்சை என்று நடை நிற்கத்தான் செய்யும். விட்டதற்கு ஈடாக ஒரு மணி நேரம் நடக்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் விட்டிருந்தால் பழைய அளவிலேயே தொடங்கலாம். இரண்டு வாரம் தாண்டியிருந்தால் பாதி நேரத்தில் தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள். காய்ச்சலில் படுத்திருந்தால் காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து, முதல் நாள் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினால் போதும். அன்றைக்கும் காலண்டரில் சுழித்துக்கொள்ளுங்கள்.